டவர் ஃபுல்லா காட்டுது, வீடியோ மட்டும் நிக்குது: கடலோர வீடுகளில் மெஷ் வைஃபை பிழை நீக்கும் வழிமுறை

வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்ப இரண்டு மூன்று யூனிட் உள்ள மெஷ் செட்டை வாங்கி மாட்டிய பிறகும் பின்கட்டு அறையில் வீடியோ கால் உறைந்து நிற்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இருக்காது, வைத்த இடத்தில்தான் இருக்கும். சிக்னல் இல்லாத அறையில் ஒரு யூனிட்டை வைத்தால் அங்கே சிக்னல் வந்துவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் சறுக்குகிறது. மெஷ் யூனிட் நெட்டைத் தானாக உண்டாக்குவதில்லை. முதல் யூனிட்டிடம் வாங்கித்தான் போனுக்குக் கொடுக்கிறது. அது இருக்கும் இடத்தில் வாங்குவதற்கே ஒன்றும் இல்லையென்றால் கொடுப்பதற்கு என்ன இருக்கும்?

கீழே அறிகுறி வாரியாகச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம், முதல் சோதனையை மட்டும் தாண்ட வேண்டாம். ஃபைபர்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியை இங்கே மோடம் என்றே சொல்கிறோம், ஊரில் அப்படித்தான் பெயர். மோடத்தோடு கேபிளில் இணைந்திருக்கும் மெஷ் பெட்டி முதல் யூனிட்.

## முதல் சோதனை: கோளாறு மெஷ்ஷில்தானா?

லேப்டாப்பை லேன் கேபிளால் நேரடியாக மோடத்தில் செருகி ஸ்பீட் டெஸ்ட் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 90-க்கு மேல் வந்தால் வெளி இணைப்பு சரி. இதைக் காலையில் ஒரு முறையும் இரவு பத்தரை மணிக்கு ஒரு முறையும் செய்ய வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதியும் கத்தாரும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடித்து அறைக்கு வருகிறவர்கள் கூப்பிடும் நேரத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் தெருக்களில் வீட்டுக்கு வீடு வீடியோ கால் ஓடும். அந்த நேரத்தில் கேபிளிலேயே வேகம் விழுந்தால் நெரிசல் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. யூனிட்டை எங்கே நகர்த்தினாலும் அது தீராது.

மோடத்தில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் ஒளியே வரவில்லை என்று பொருள். எரியாவிட்டாலும், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (வந்துசேரும் ஒளியின் பலம்) எண்ணைப் பார்த்துக் குறித்து வையுங்கள். மைனஸ் 27 டிபிஎம் அருகே போனால் இணைப்பு விளிம்பில் நிற்கிறது. ஃபைபர்காரரைக் கூப்பிட்டு முனையைத் துடைக்கவோ மாற்றவோ சொல்ல வேண்டியதுதான்.

கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் வரவில்லையென்றால் கீழே தொடரலாம். தேவையானவை: சிக்னல் அளவை எண்ணாகக் காட்டும் ஒரு செயலி, ஐந்து மீட்டர் வயருள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு ஸ்டூல். ஆண்ட்ராய்டுக்கு வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கும். ஐபோனுக்கு ஏர்போர்ட் யுட்டிலிட்டியைப் போட்டு, போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குள் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும்.

## "டவர் ஃபுல்லா காட்டுது, ஆனா ஓடல"

போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் அருகிலுள்ள யூனிட்டுக்கும் இடையே உள்ள பலத்தைத்தான் காட்டும். அந்த யூனிட்டுக்கும் முதல் யூனிட்டுக்கும் இடையே என்ன நிலவரம் என்பது அதில் தெரியாது. யூனிட் பக்கத்திலேயே இருப்பதால் கோடு முழுசாக நிற்கும். பின்னால் வருகிற வரத்து நூலாக இளைத்திருக்கும்.

பார்க்கும் முறை இதுதான். இரண்டாவது யூனிட்டை அணைத்துவிடுங்கள். எல்லா யூனிட்டும் ஒரே பெயரில் ஒலிபரப்புவதால், அணைக்காமல் அளந்தால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. இப்போது அது இருந்த இடத்தில் போனை நெஞ்சு உயரத்தில் அரை நிமிடம் பிடித்து, 5 கிகாஹெர்ட்ஸ் அளவைப் பாருங்கள் (வைஃபை 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடும்). எண் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று.

மைனஸ் 50 முதல் 65 வரை இருந்தால் யூனிட் அங்கேயே இருக்கலாம். 65-க்கும் 70-க்கும் நடுவே என்றால் ஓடும், மழை நாளிலோ கதவை மூடும்போதோ திணறும். 70-ஐத் தாண்டினால் அது யூனிட் வைக்கும் இடமே இல்லை. முதல் யூனிட்டை நோக்கி ஆறு ஆறு அடியாகப் பின்வாங்கி அளந்துகொண்டே வாருங்கள். மாறாக மைனஸ் 45-ஐவிடப் பலமாக இருந்தால் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, வாங்கிய காசு வீண்.

இடம் பிடித்ததும் உடனே ஆணி அடிக்க வேண்டாம். ஸ்டூலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதற்குத்தான். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, முதல் யூனிட் அருகே ஒரு வேகம், இரண்டாவது யூனிட் அருகே ஒரு வேகம் எடுத்துப் பாருங்கள். நகர்த்திய ஒவ்வொரு முறையும் யூனிட் மறுபடி பிணைந்து நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் விட்டுத்தான் அளக்க வேண்டும். அவசரப்பட்டால் தப்பான இடத்தை நல்ல இடம் என்று நம்பிவிடுவோம்.

வேகம் பாதியாகக் குறைவது இயல்பு. டூயல் பேண்ட் யூனிட்டில் (2.4-க்கு ஒன்று, 5-க்கு ஒன்று என இரண்டு ரேடியோ உள்ளது) முதல் யூனிட்டிடம் வாங்குவதும் போனுக்குக் கொடுப்பதும் ஒரே ரேடியோதான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். மூன்றாவது யூனிட் இரண்டாவதிடம் வாங்கினால் மறுபடி பாதியாகும். அதனால் முதல் யூனிட்டை நடுவில் வைத்து மற்ற இரண்டையும் இரு பக்கம் விரிப்பது, மூன்றையும் ரயில் பெட்டி போல வரிசையாகக் கோப்பதைவிட எப்போதும் நல்லது. மூன்று ரேடியோ உள்ள டிரை பேண்ட் வாங்கட்டுமா என்று கடையில் நின்று போன் செய்கிறவர்கள் உண்டு. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு அது தேவையில்லை. வைஃபை 6 யூனிட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு, பெட்டியில் போட்டிருக்கும் 1201 எம்பிபிஎஸ்ஸில் பாதியளவு கொடுத்து, அதுவும் ஒரு யூனிட்டைத் தாண்டும்போது பாதியானால்கூட உங்கள் பிளானைவிட அதிகம். அந்தப் பணத்துக்கு நல்ல கேபிள் இழுத்தால் பலன் கூடும்.

## "அடுத்த ரூம்தான், அங்க கூட வரல"

இது பழைய வீடுகளின் பிரச்சினை. கீழக்கரையிலும் ராமேசுவரம் தீவிலும் முருகைக்கல்லும் (கடல் பவளக்கல்) சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். கல்லிலேயே உப்பு இருப்பதால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரச் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும் அளவுக்கு உலர்ந்த சுவர் விழுங்காது. கோடையில் நன்றாக இருந்த அறை ஐப்பசி, கார்த்திகையில் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட சுவரை ஊடுருவ வைக்கப் பார்க்காதீர்கள், சுற்றிப் போகும் வழியைப் பாருங்கள். பழைய வீட்டில் அந்த வழி ஏற்கெனவே இருக்கிறது: முற்றம். நடுவில் வானம் பார்த்த திறப்பு, அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தைப் பார்த்தபடி கதவும் சன்னலும். முதல் யூனிட்டை முற்றம் தெரியும் ஒரு தூணருகே வைத்து, இரண்டாவதை எதிர்த் தாழ்வாரத்தில் அதன் கண்ணுக்கு நேராக வைத்தால் நடுவில் சுவரே இல்லை. ஒவ்வொரு அறைக்கும் சிக்னல் மரக் கதவு வழியே நுழையும். மரக் கதவு அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. சாரல் எட்டாத உள்பக்கமாக, நாலைந்து அடி உயரத்தில் இருக்கட்டும். திருட்டுக்குப் பயந்து முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி போட்டிருந்தால் பரவாயில்லை, பக்கவாட்டில் போகும் அலையை அது தடுக்காது.

சுவரைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் நேர்க்கோட்டில் கடக்க வையுங்கள். இரண்டு அடிச் சுவரை 45 டிகிரி சாய்வில் கடக்கும் அலைக்கு அது கிட்டத்தட்ட 2.8 அடிச் சுவர். யூனிட்டை மூலையில் வைத்தால் எல்லா அறைக்கும் சாய்ந்துதான் போகும்.

யூனிட் உட்காரக் கூடாத இடங்கள் சில உண்டு. மாடக்குழி பார்ப்பதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஆனால் முதுகிலும் இரு பக்கமும் மேலும் கீழும் கல், முகம் மட்டும்தான் திறப்பு. டிவிக்குப் பின்னால் உலோகத் தகடு. பீரோவின் தலையில் வைத்தால் பீரோவே கீழ்ப்பக்கத்தை மறைக்கும். நிலைக்கண்ணாடியின் ரசம் பூசிய பரப்பும் தகடுதான். ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, மீட்டர் போர்டுப் பெட்டி எல்லாம் இதே கணக்கு.

பெரும்பாலான வீடுகளில் மோடம் வாசல் திண்ணைக்குப் பக்கத்தில் தொங்கும், ஃபைபர் நுழைகிற இடம் அதுதான் என்பதால். முதல் யூனிட்டையும் அங்கேயே வைத்தால் பாதி வீச்சு தெருவுக்குப் போகும். மோடம் அங்கேயே இருக்கட்டும். அங்கிருந்து ஒரு கேட்-6 கேபிளை வீட்டின் நடுவுக்கு இழுத்து முதல் யூனிட்டை அங்கே வையுங்கள். ஃபைபரையே உள்ளே நீட்டச் சொன்னால் மூலைகளில் முறுக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். வளைவின் ஆரம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் ஒளி கசியாது.

## "மாடிக்குப் போனா நின்னுடுது"

கான்கிரீட் தளமும் அதற்குள் இருக்கும் கம்பி வலையும் செங்கல் சுவரைவிட மோசம். தளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டை படிக்கட்டுதான். கீழே ஒரு யூனிட் படிக்கட்டின் அடி தெரிகிற இடத்திலும், மேலே ஒன்று படி முடிகிற இடத்திலும் இருந்தால் தளத்தைத் துளைக்க வேண்டிய வேலையே வராது. மேல் யூனிட்டைக் கடைசிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்தால் தளம் ஒன்று, சுவர் இரண்டு என்று மூன்று தடை சேரும். நிமிர்ந்து நிற்க வடிவமைத்த யூனிட்டைச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டாம். அதன் வீச்சு பக்கவாட்டில் விரிவதற்காகச் செய்தது. படுக்க வைத்தால் பாதி தரைக்கும் பாதி கூரைக்கும் போகும்.

## "நடந்து போனா பழைய யூனிட்டையே பிடிச்சுக்கிட்டு இருக்கு"

எந்த யூனிட்டில் சேர்வது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போன்தான். மெஷ் யோசனை மட்டும் சொல்லும். ஐபோன்கள் மைனஸ் 70 டிபிஎம் வரை விழுந்த பிறகுதான் வேறு இடம் தேடும். யூனிட்டுகள் நெருக்கமாக இருந்தால் பழையது 70-க்குக் கீழே விழவே விழாது. போனும் நகராது.

ஆயிரம் சதுர அடி வீட்டில் மூன்று யூனிட் மாட்டியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். மூன்று சேர்ந்த செட் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக மூன்றையும் மாட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. நடுவில் இருப்பதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள். பல வீடுகளில் அதோடு சரியாகிவிடும். மெஷ் செயலியில் 'ஃபாஸ்ட் ரோமிங்' (யூனிட் மாறுவதை விரைவாக்கும் வசதி) இருந்தால் ஆன் செய்யலாம். ஆன் செய்தபின் பழைய போன்கள் ஏதாவது இணைய மறுத்தால் திரும்ப அணையுங்கள், 802.11ஆர் என்ற அந்த முறை சில பழைய கருவிகளுக்கு ஒத்துவராது.

மோடத்தின் சொந்த வைஃபை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கும் மெஷ்ஷின் பெயரையே வைத்திருந்தால் போன் இரண்டுக்கும் நடுவே அல்லாடும். மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுவதே சரி.

## "எங்க டெஸ்ட் பண்ணாலும் 94-தான்"

300 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் யூனிட்டின் காலடியில் நின்றாலும் 93, 94, 95. இந்த எண் வந்தால் வைஃபையைத் தொடவே வேண்டாம். எங்கோ ஒரு லேன் இணைப்பு கிகாபிட்டில் (1000 எம்பிபிஎஸ்) ஓடாமல் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டு வயரும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒரு வயர் தொடர்பு விட்டாலும் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

முதலில் மோடத்தின் போர்ட்டைப் பாருங்கள். பல மோடங்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. 'ஜிஇ' என்றோ மஞ்சள் நிறத்திலோ குறித்திருப்பார்கள். கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். அது சரியென்றால் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் கனெக்டரின் உலோகப் பல் பச்சை பூத்திருக்கும், அல்லது வெண்பொடி படிந்திருக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் கடலைப் பார்த்த சன்னலோரம் தொங்கும் கேபிளுக்கு இது சீக்கிரமே வரும்.

பச்சையைச் சுரண்டி மறுபடி செருகுவது இரண்டு வாரம் தாங்கும், அவ்வளவுதான். முனையை ஓரிரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புது கனெக்டர் கிரிம்ப் செய்யுங்கள். வெட்டிய இடத்தில் வயர் கறுத்திருந்தால், பளபளப்பு தெரியும் வரை இன்னும் வெட்ட வேண்டும். வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு என்று கட்டித்தரப்படுவது பெரும்பாலும் இதுதான். உள்ளே ஈரம் இறங்கினால் அலுமினியம் பொடியாகிவிடும், கடலோரத்துக்கு ஆகவே ஆகாது. முழுச் செம்புக் கேபிள், தங்க முலாம் கெட்டியாக உள்ள கனெக்டர், போர்ட் பக்கம் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் போதும். போர்ட்டின் உள்ளேயே பச்சை என்றால் மின்சாரத்தை அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் ஆன் செய்யுங்கள்.

வெளிச்சுவரில் ஓடும் கேபிளுக்குக் கறுப்பு உறை வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற உறை இந்த வெயிலில் வெடித்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், மழைநீர் கேபிள் வழியே ஓடிவந்து உள்ளே இறங்காமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

கேபிளில் இணைத்த இரண்டாவது யூனிட் வேலையே செய்யவில்லை, அல்லது வீடு முழுக்க நெட் உறைகிறது என்றால் எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். முதல் யூனிட் ரூட்டராக ஓடும்போது மற்ற யூனிட்டுகளின் கேபிள் அதிலிருந்துதான் புறப்பட வேண்டும், மோடத்திலிருந்து அல்ல. மோடத்தில் போர்ட் காலியாக இருக்கிறதே என்று அதில் செருகுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

## "திடீர்னு ஒரு நிமிஷம் போயிட்டு தானா வருது"

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரை எண்ணிட்ட சேனல்களை (அலைவரிசையின் துண்டுகளை) ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அந்தச் சேனலில் ரேடார் துடிப்பு போல ஏதாவது கேட்டால் ரூட்டர் உடனே விலக வேண்டும் என்பது விதி. அதே வகைச் சேனலுக்குத் திரும்பப் போவதற்கு முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் ஒரு நிமிடம். மெஷ்ஷில் முதல் யூனிட் சேனல் மாறினால் மற்றவையும் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதால் இன்னும் நீளும்.

இதற்கு விசைப்படகுகளின் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. படகு ரேடார்கள் பெரும்பாலும் 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கின்றன, அது வேறு அலைவரிசை. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் சேனலை 36–48 வரிசையிலோ 149–161 வரிசையிலோ நிறுத்திவிடுங்கள். இந்தியாவில் இரண்டும் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்தவை. சேனலைக் கையால் மாற்ற விடாத மெஷ் செயலிகளில் 'டிஎஃப்எஸ்' (ரேடார் சேனல்களைப் பயன்படுத்துவது) என்ற விருப்பத்தை அணைத்தால் அதே பலன். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 1, 6, 11-இல் அக்கம்பக்கம் குறைவாக உள்ள ஒன்றை எடுத்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் 40 வைத்தால் பக்கத்து வீட்டோடு சண்டைதான்.

## "கரண்ட் போயி வந்தா ஒரு பக்கம் மட்டும் வரல"

மின்சாரம் திரும்பியதும் எல்லாம் ஒன்றாக விழிக்கின்றன. மோடம் ஃபைபரோடு பேசி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கலாம். அதற்குள் யூனிட்டுகள் எழுந்து, நெட் இல்லை என்று சோர்ந்து நிற்கும். மோடம், முதல் யூனிட், மற்றவை என்ற வரிசையில், நடுவே இரண்டு நிமிடம் விட்டு ஆன் செய்து பாருங்கள். அதில் வந்துவிட்டால் கோளாறு வரிசையில்தான்.

நிரந்தரத் தீர்வு, மோடத்துக்கும் முதல் யூனிட்டுக்கும் மினி யூபிஎஸ். அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியரா, 1.5-ஆ, 2-ஆ என்று பார்த்து அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ளதை வாங்குங்கள். கணக்கு எளிது. உள்ளே 3.7 வோல்ட், 8800 எம்ஏஎச் பேட்டரி என்றால் சுமார் 32 வாட் மணி. அதை 12 வோல்ட்டாக மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 26 மிஞ்சும். 9 வாட் இழுக்கும் மோடம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். அதிலேயே யூனிட்டையும் மாட்டினால் பாதிதான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டாவது யூனிட்டின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி பாயின்ட்டுக்குப் பக்கத்துப் பிளக் பல வீடுகளில் இன்வெர்ட்டரில் இருக்காது. ஒரு யூனிட் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால், அடாப்டர்கள் இடம் மாறிப்போய் 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் அடாப்டர் போயிருக்கலாம். முனை இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் இது எளிதில் நடக்கும்.

## "டிவியில போன் தெரியல, பிரிண்டர் கிடைக்கல"

மோடமும் ரூட்டராக ஓடுகிறது, மெஷ்ஷும் ரூட்டராக ஓடுகிறது. ஒரு வீட்டில் இரண்டு வலை. டிவி மோடத்தின் கேபிளில், போன் மெஷ்ஷில் இருந்தால் ஒன்றையொன்று காணாது. மெஷ் செயலியில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' (ரூட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் கொடுப்பது) என்று மாற்றினால் ஒரே வலையாகும். பெற்றோர் கட்டுப்பாடு போன்ற மெஷ்ஷின் வசதிகள் வேண்டுமென்றால், அதை ரூட்டராகவே விட்டு மோடத்தை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலை செய்யாமல் நெட்டைக் கடத்த மட்டும்) போடச் சொல்லுங்கள், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஃபைபர்காரரிடம் வாங்க வேண்டிவரும். எதுவும் முடியாவிட்டால், டிவியைக் கழற்றி முதல் யூனிட்டின் போர்ட்டில் செருகுங்கள், வேலை முடிந்தது.

## "கேமராவும் பல்பும் சேர மாட்டேங்குது"

மலிவான கேமரா, பல்பு, மோட்டார் சுவிட்ச் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்தவை. மெஷ்ஷில் 'ஐஓடி நெட்வொர்க்' என்று தனியாக ஒரு 2.4 பெயரைத் திறந்து, கடவுச்சொல் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ 2-இல் வைத்துச் சேருங்கள். டபிள்யூபிஏ 3 மட்டும் என்று வைத்திருந்தால் இவை உள்ளே வரவே வராது.

## "தோப்பிலயும் ஷெட்லயும் எடுக்கல"

உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் வீடு ஒரு மூலையிலும் வலை, ஐஸ் பெட்டி வைக்கும் தகர ஷெட் இன்னொரு மூலையிலும் இருக்கும். தகரத்தை வைஃபை துளைக்காது, மோதித் திரும்பும். ஷெட்டுக்குள் வேண்டுமென்றால் ஷெட்டுக்குள்ளேயே ஒரு யூனிட் இருந்தாக வேண்டும், அதற்கு வரத்து கேபிளில் போக வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் இழுத்தால் வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னலில் இரு பக்கத்துப் பெட்டிகளும் ஒன்றாகப் போகும் அபாயம் உண்டு. ஃபைபர் பேட்ச் கேபிளும் இரு முனைக்கும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் சிறு பெட்டி) போடுங்கள். ஃபைபர் வழியே மின்னல் பாயாது. உள்ளே இரும்புக் கம்பி ஓடும் வகை ஃபைபர் மட்டும் வேண்டாம்.

தோப்பில் கட்டில் போட்டு உட்காரும் இடத்துக்கு மட்டும் போதுமென்றால், அந்தப் பக்கம் பார்க்கும் சன்னலின் உள்ளே ஒரு யூனிட் வையுங்கள். கண்ணாடியில் வெள்ளி போல மின்னும் வெயில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதிலும் உலோகம் இருக்கும், கதவைத் திறந்து வைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 30 அடியில் மைனஸ் 55 என்றால் 60 அடியில் 61, 120 அடியில் 67. தென்னை மரம் குறுக்கே நின்றால் இன்னும் கொஞ்சம் போகும்.

வீட்டுக்குள் வைக்கும் யூனிட்டை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வெளியே கட்டிவிடுவது மட்டும் வேண்டாம். ஆடிக் காற்றில் பறக்கும் மணலும் உப்பும் எப்படியும் உள்ளே போகும், வெளியே வர வேண்டிய சூடு வராது. வெளியில் வைக்க ஐபி 65 (தூசியும் நீரும் புகாத தரம்) அல்லது அதற்கு மேல் தரக் குறியுள்ளதை வாங்கி, கேபிள் நுழையும் துளையைக் கீழ்ப்பக்கமாக வைத்து மாட்டுங்கள்.

## "மத்தியானம் மட்டும் மெதுவாகுது"

இத்தகைய பெட்டிகளுக்கு வேலை செய்யும் வெப்பநிலை பெரும்பாலும் 40 டிகிரி வரைதான், பெட்டியின் அடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே, பரணில், சித்திரை வெயிலில் அதைத் தாண்டுவது ஒன்றும் பெரிதல்ல. தொட்டால் கை வைக்க முடியாத சூடு என்றால் மூன்று நான்கு அடி கீழே இறக்குங்கள். கூரைக்கு அருகில் தேங்கும் சூடு கீழே இருக்காது. காற்றுத் துளைகளில் படிந்த தூசி உப்பு ஈரத்தில் கட்டியாகி அடைத்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத் துணி வேண்டாம்.